பூங்காவுக்குக் கிளம்பும் குடும்பத்தில் பாட்டியும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நாள் போய் வரக்கூடிய இடங்கள் என்று போன வாரம் நீங்கள் போட்டிருந்த பட்டியலைப் படித்தேன். வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, செம்மொழிப் பூங்கா, அதற்கு எதிரே 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, அண்ணா நகர் டவர் பார்க், எதையும் விடவில்லை. திறக்கும் நேரம் இருந்தது, டிக்கெட் விலை இருந்தது, படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் யாரும் கிளம்ப முடியாது. எங்கள் வீடு என்றால் எழுபதைத் தாண்டிய அம்மா, முட்டி வலியோடு விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் பெரியம்மா, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், இன்னும் தூக்கு தூக்கு என்று கை நீட்டுகிற என் மகள். சென்னையில் பாதி வீடுகளில் விடுமுறைக் கூட்டம் இப்படித்தான் இருக்கும். உட்கார இடம் இருக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம், குடிதண்ணீர் எங்கே, சாப்பாட்டுக் கூடையை உள்ளே விடுவார்களா, இதெல்லாம்தான் முந்தைய நாள் ராத்திரி எங்கள் வீட்டில் ஓடுகிற பேச்சு. இதில் ஒன்றுக்குக்கூடப் பட்டியலில் பதில் இல்லை.

வண்டலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இன்னும் அதை உயிர்காலேஜ் என்றுதான் சொல்வார். சின்ன வயதில் சூளையிலிருந்து நடந்தே போய், சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த பழைய மிருகக்காட்சி சாலையைப் பார்த்தவர். 1855-ல் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் அதன் அப்போதைய பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது, கொஞ்ச வருஷத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்டது. அந்தப் பழைய இடத்தை ஒரு சாயங்காலத்தில் பார்த்து முடித்துவிடலாம். இன்றைக்கு வண்டலூர் சுமார் 600 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழி வெட்டி, அதற்கு அப்பால் மரமும் புல்லுமாக விசாலமான இடத்தில் விலங்குகளை விட்டிருக்கிறார்கள். அதுதான் நியாயம், அந்தப் பிராணிகளுக்கு அந்த இடம் வேண்டும். ஆனால் நடக்க வேண்டியது நாம்தான். அதிலும் 2016 டிசம்பரில் வர்தா புயல் அங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. புதிதாக வைத்தவை நிழல் கொடுக்கப் பல வருஷம் ஆகும். சித்திரை வெயிலில், கடல்காற்று மெரினாவைத் தொட்டு ரொம்ப நேரம் கழித்தும் வந்து சேராத அந்த இடத்தில், பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரியவரை நடத்திக்கொண்டு போவது அவருக்குச் செய்கிற கொடுமை.

அதனால் காலையில் கதவு திறக்கும்போதே வாசலில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விலங்குகளும் அந்த நேரத்தில்தான் நடமாடும். உச்சி வெயிலில் புலி எங்கேயோ நிழலில் படுத்திருக்கும், வால் மட்டும் தெரியும், பிள்ளைகள் 'எங்கே, எங்கே' என்று கேட்டே அலுத்துப் போவார்கள். அப்புறம் பூங்காவுக்குள் சுற்றிக் காட்டும் அந்த பேட்டரி வண்டி. நடந்து நடந்து கால் ஓய்ந்த பிறகுதான் எல்லோருக்கும் அதன் நினைப்பு வருகிறது, அதற்குள் வரிசை நீண்டிருக்கும். முதல் வேலையாக அதில் ஏறி ஒரு சுற்று வந்துவிடுங்கள். பெரியவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருப்பார்கள், பிள்ளைகளும் எதை மறுபடி நின்று பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருப்பார்கள். பிறகு பெரியவர்களை நிழலில் உட்கார வைத்து யாராவது ஒருவர் கூட இருந்தால், மற்றவர்கள் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் நடந்து போய் வரலாம். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று நிற்பவர்கள் தனியாக இன்னொரு நாள் போகட்டும்.

கிழமையும் முக்கியம். வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. விடுமுறைக் காலங்களில் சில செவ்வாய்களில் திறப்பதாக அறிவிப்பு வரும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், புதன் அல்லது வியாழன் பாருங்கள். எங்கள் மாம்பலத்திலிருந்து வண்டலூருக்கு ரயில்தான் வசதி, ஆனால் தாம்பரத்தோடு நிற்கும் வண்டியில் ஏறாமல் செங்கல்பட்டு வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் தாம்பரத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டியிருக்கும். வண்டலூரில் இறங்கியதும், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை நெரிசலில் பெரியவர்களை நடத்தாமல் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காசு தண்டமில்லை. கிண்டி என்றால் பஸ்ஸே போதும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் கொடுக்கிறார்கள். போக்குவரத்துச் செலவு அநேகமாக ஒன்றும் இருக்காது.

உண்மையில் வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள் என்றால் என் ஓட்டு கிண்டிக்குத்தான். சிறுவர் பூங்கா கைக்கு அடக்கமான இடம், பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, நாலடி நடந்தால் காந்தி மண்டபமும் காமராசர் நினைவிடமும். ஒரு இடத்தில் முடியாமல் போனாலும் அன்றைய நாள் வீணாகாது. அண்ணா நகர் டவர் பார்க்கும் இந்த வகையில் நல்ல இடம். 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், 135 அடி, பல வருஷம் மூடிக் கிடந்து 2023-ல் திறந்தார்கள். பிள்ளைகள் மூச்சு வாங்க ஏறி இறங்கட்டும், பாட்டி கீழே மரத்தடியில் இருக்கலாம், யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை.

தொலைந்து போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீஸ்காரர்கள் குழந்தைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி விடுகிறார்கள் இல்லையா, அதை எந்த நாளில் வெளியே போனாலும் நாமே செய்யலாம். பேனாவால் கையில் எழுதினால் வேர்வையில் அழிந்துவிடுகிறது, துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைக்கு உள்பக்கம் ஊக்கால் குத்திவிடுவதுதான் சரி. பெரியம்மாவின் சுருக்குப் பையிலும் ஒரு சீட்டு வைப்பேன். வழி தவறுவது குழந்தைகள் மட்டுமல்ல.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நகரத்துக்குள் ஒரு பூங்கா, பெயர் வேண்டாம். பெரியம்மா நடந்து களைத்து உட்கார இடம் தேடினார். இருந்ததெல்லாம் சாய்மானம் இல்லாத சிமென்ட் திண்ணைகள், முழங்காலுக்குக் கீழே வரும் உயரம், பாதி வெயிலில். உட்கார்ந்தவர் சூடு தாங்காமல் எழப் பார்த்தார், பிடிக்க ஒரு கைப்பிடி இல்லை, கடைசியில் அண்ணன் மகளின் தோளை இறுகப் பற்றிக்கொண்டு 'முருகா' என்று எழுந்தார், அந்தப் பிள்ளைக்குத் தோள் சிவந்துவிட்டது. பூப்பாத்தியின் ஓரச் சுவர் கொஞ்சம் உயரமாக இருந்ததால் அதில் போய் உட்கார்ந்தார். விசில் ஊதி எழச் சொன்னார்கள். காவலரை நான் திட்டவில்லை, பாத்தியைக் காப்பது அவர் வேலை. ஆனால் அவ்வளவு செலவு செய்து கட்டிய இடத்தில் ஒரு கிழவி சாய்ந்து உட்கார நாற்காலி வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு 'நீங்க போய்ட்டு வாங்கடி, நான் வீட்லயே இருக்கேன்' என்கிறார் பெரியம்மா. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படிச் சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களோ.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை பூங்காக்களைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் தன் பாட்டியையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போகட்டும். வாசலிலிருந்து முதல் நிழல் இருக்கை எவ்வளவு தூரம், கழிப்பறைக்குப் படி உண்டா, வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிறார்களா என்று பார்த்து எழுதட்டும். சாப்பாட்டு விதி இடத்துக்கு இடம் வேறாக இருப்பதால், புளிசாதம் கட்டிக்கொண்டு போய் வாசலில் நின்று முழிக்கும் குடும்பங்களுக்கு அந்த ஒரு வரியே பெரிய உபகாரம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அவசரமாகவே கேட்கிறேன். கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தில் 118 ஏக்கரில் பெரிய பூங்கா வரும் என்று அரசு அறிவித்திருக்கிறது. பறவைக்கூடம், கண்ணாடி மாளிகை, கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ஜிப்லைன் எல்லாம் எந்தப் பூங்கா என்றாலும் யாராவது கேட்டு வாங்கிவிடுவார்கள். முதுகு சாய்க்க, கை ஊன்றி எழ வசதியாக, நிழலில், கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக இருக்கைகள் வேண்டும் என்று இப்போதே கேட்டால்தான் வரைபடத்தில் ஏறும். உங்கள் பத்திரிகை அதைத் தலையங்கமாக எழுத வேண்டும். எழுதினால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் துறை அமைச்சருக்கும் மாநகராட்சிக்கும் நான் தபாலில் அனுப்புகிறேன், எங்கள் தெருவில் கையெழுத்துப் போடவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை.