‘பத்து நாளில் ஐந்து நாடு’ விற்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு நாளிதழ்களில் உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, எஸ்தோனியா: பத்து நாள், ஐந்து நாடு, தினமும் இந்திய உணவு. உங்களில் பலருடைய பயண நிரல்களை வாங்கி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முகப்பில் உள்ள பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம். கோபன்ஹேகனில் பிற்பகல் கப்பலேறினால் ஓஸ்லோவில் இறங்க மறுநாள் காலை பத்து மணி ஆகிவிடும். ஓஸ்லோவிலிருந்து ஸ்டாக்ஹோம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நிறுத்தி நிறுத்திப் போனால் கோச்சிலேயே ஒரு பகல் கழிந்துவிடும். ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கிக்கு இன்னோர் இரவுக் கப்பல். அங்கிருந்து எஸ்தோனியாவின் தாலினுக்கு மேலும் இரண்டு மணி நேரக் கடல் பயணம். இத்தனைக்கும் நடுவில் ஓஸ்லோவுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு பகல். இருநூறுக்கும் மேற்பட்ட சிலைகள் நிற்கும் வீகெலாண்ட் பூங்காவுக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது ‘புகைப்பட நிறுத்தம்’. நார்வே என்றதும் எல்லோரும் கேட்கும் ஃபியோர்டு, அதாவது செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்திருக்கும் இடம், இந்த நிரலில் எங்கேயும் இல்லை. அது மேற்குக் கரையில் இருக்கிறது. ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலிலேயே ஆறரை மணி நேரம் ஆகும். ஆனாலும் அட்டைப்படம் என்னவோ ஃபியோர்டுதான்.

ஸ்டாக்ஹோமின் வாசா அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்பது, 1628-ல் முதல் பயணத்துக்குக் கிளம்பி, ஒன்றரை கிலோமீட்டர்கூடத் தாண்டாமல் மூழ்கிய போர்க்கப்பல். 1961-ல் கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். செதுக்கிய சிங்கங்களும் வீரர்களும் அடுக்கடுக்காக ஏறும் அதன் பின்புறத்தைப் பார்த்தாலே பிள்ளைகள் நகர மறுப்பார்கள். உங்கள் நிரலில் அதற்கு நாற்பத்தைந்து நிமிடம். பதினெட்டு வயது வரை அங்கே அனுமதி இலவசம் என்பதையும், சிறுவர் கட்டணத்தில் ‘நுழைவுச் சீட்டு உட்பட’ என்று போடுகிறவர்கள் பார்த்துக்கொண்டால் நல்லது. ஓஸ்லோவின் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தை இன்னமும் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: விரிவாக்கத்துக்காக 2022 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள், 2027-ல்தான் திறப்பதாகத் திட்டம்.

இதைவிடப் பெரிய பொய் நள்ளிரவுச் சூரியன். நம் பிள்ளைகளின் விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி, ஜூன் முதல் வாரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. வட ஐரோப்பாவின் கோடையோ ஜூன் நடுவில்தான் சூடு பிடிக்கிறது. பின்லாந்தின் ரோவனியெமியில் சூரியன் மறையாத நாள்கள் ஜூன் முதல் வாரம் முதல் ஜூலை முதல் வாரம் வரைதான். நார்வேயின் வடகோடிக் கரையில் உள்ள நூர்காப்பில்கூட மே 14 வாக்கில்தான் தொடங்கும். ‘மே 3 புறப்பாடு, ரோவனியெமியில் நள்ளிரவுச் சூரியன்’ என்று அச்சடித்தவர் நாள்காட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. அதே தாளில் வடக்கு வானின் துருவ ஒளிப் படம் வேறு! இரவே இருட்டாத பருவத்தில் அதை எங்கே போய்ப் பார்ப்பது?

மே மாதத்தை வைத்துக்கொண்டு ஜூலையை விற்க வேண்டாம் என்கிறேன். மே மாதத்துக்கென்றே அங்கே ஒன்று இருக்கிறது. மே 17 நார்வேயின் அரசியல் சாசன நாள். 1814-ல் சாசனம் இயற்றியதன் நினைவு. அன்று ஓஸ்லோவில் பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து, வாத்தியக் குழுக்களோடு அரண்மனையைக் கடந்து ஊர்வலம் போவார்கள். அரச குடும்பம் மாடத்தில் நின்று கையசைக்கும். பெரியவர்கள் அவரவர் வட்டாரத்துப் பாரம்பரிய உடையில், மார்பில் வெள்ளி நகை மினுங்க நிற்பார்கள். நம் பிள்ளைகளின் விடுமுறைக்குள் சரியாக வந்து விழும் இந்த நாளை உங்கள் நிரல்களில் ஒன்றிலும் காணோம். ஹார்டாங்கர் ஃபியோர்டின் பழத்தோட்டங்கள் பூப்பதும் மே மாதத்தில்தான். ஜூனில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நடுக்கோடைத் திருநாளன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ஊரே கிராமத்து வீடுகளுக்குப் போய்விடும்.

இரவுக் கப்பலை நான் குறை சொல்லவில்லை. மொத்தப் பயணத்திலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது அதுவாகத்தான் இருக்கும். ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பியதும் சில மணி நேரம் தீவுக் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போகும். சிவப்புச் சாயம் பூசிய மரவீடுகள், வீட்டுக்கொரு சின்னப் படகுத்துறை, அதில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரியும் அளவுக்கு நெருக்கம். நாங்கள் போன குழுவில் சரியாக அந்த நேரம் பார்த்து எல்லோரையும் முதல் பந்திக்கு உள்ளே கூட்டிப் போனார் டூர் மேனேஜர். வெளியே வந்தபோது தீவுகள் போய்விட்டன. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் உள்ள ஆலந்து தீவில் அந்தக் கப்பல் நள்ளிரவை ஒட்டி ஏன் நிற்கிறது தெரியுமா? அந்தத் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே தொட்டுப் போனால் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம். இப்படி ஒரு கதையைச் சொல்லத் தெரிந்த மேனேஜர், இரண்டு பாட்டில் தண்ணீர் இலவசமாகக் கொடுப்பவரைவிட எங்களுக்கு மேல். அங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

இந்திய இரவுணவு விஷயமும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாமியாருக்கு மோர்சாதம் இல்லாமல் தூக்கம் வராது. ஆனால் ஜூனில் ஸ்டாக்ஹோமில் பொழுது சாயவே இரவு பத்து மணி ஆகிறது. நல்ல வெயிலில் ஆறு மணிக்கே உணவகத்தில் அடைத்து, ஏழரைக்கு விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஓட்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டால், ஊர் எங்கேயோ நாங்கள் எங்கேயோ. விளக்கேற்றும் நேரம் எப்போது என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

விசாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஐந்து நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிப்படி, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சரிசமமானால், முதலில் நுழையும் நாடு. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற தூதரகத்துக்கு ஏற்ப காகிதத்தில் ஓர் இரவைக் கூட்டி, விசா வந்த பிறகு குறைத்துக்கொள்ளும் வழக்கம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. கையெழுத்து எங்களுடையது, எல்லையில் பதில் சொல்வதும் நாங்கள்தான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கும்போது, பணத்தை வாங்கிக்கொண்டு மார்ச் வரை காகிதங்களைத் தொடாமல் வைத்திருப்பது ஏன்?

நான் கேட்பது பயண நிரலில் கூடுதலாக ஒரு பத்தி. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, வண்டியிலும் கப்பலிலும் கழியும் நேரம் எவ்வளவு, தங்கும் ஓட்டல் நகர மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், போகும் தேதியில் எது மூடியிருக்கும் என்று அச்சிடுங்கள். ஐந்து நாட்டுக்கு வாங்கும் அதே பணத்தை இரண்டு நாட்டுக்கும் கொடுக்க எங்களைப் போல நிறைய குடும்பங்கள் தயாராக இருக்கின்றன.

வரும் மே மாதத்தில் டென்மார்க்கும் நார்வேயும் மட்டும், பத்து இரவுகள், 17-ம் தேதி ஓஸ்லோவில். பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர். இப்படி ஒரு நிரல் போட்டுத் தரும் நிறுவனம் எதுவானாலும் முன்பணம் கட்டத் தயார்.

இப்படிக்கு,
பயண நிரலைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரு வாடிக்கையாளர்