போ ஆற்றங்கரையிலிருந்து அம்மாவுக்கு

குவால்தியேரி, இத்தாலி
20.11.2022

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்களினதும் ஐயாவினதும் சுகத்துக்கு மருதடிப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. ஆடிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள், அது நியாயம்தான். போனில் கதைத்தால் பாதி நேரம் லைன் அறுந்து போகிறது. இன்றைக்கு ஞாயிறு, ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

வேலை பரவாயில்லை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. குளிரைக்கூடத் தாங்கலாம் அம்மா, இந்த மூடுபனியைத்தான் தாங்க ஏலாது. ஆற்றுப் பக்கமிருந்து எழும்பி வந்து ஊரையே மூடிவிடும். விடியச் சைக்கிளில் போகும்போது முன்சில்லே தெரியாது.

"வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய ஆறாம், கவனம்" என்று எழுதியிருந்தீர்கள். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறு ஆறு பார்க்காத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் நான், எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. இதன் பெயர் போ. இத்தாலியில் இதுதான் மிக நீளமான ஆறு, 652 கிலோமீற்றர். மேற்கே மொன்விசோ மலையில் 2,000 மீற்றர் உயரத்தில் ஊற்றாகப் பிறந்து, தூரின் நகரத்தைத் தாண்டி, கிழக்கே அட்ரியாட்டிக் கடலில் விழுகிறது. வடக்கே அல்ப்ஸ் மலையின் பனி உருகி இதில் சேரும், தெற்கே அப்பனைன் மலைகளின் மழைத் தண்ணீரும் சேரும். அதனால் வெள்ளம் வருவது பெரும்பாலும் இந்தக் கார்த்திகை மாதத்திலும், பிறகு பனி உருகும் காலத்திலும்தான். வண்டல் படிந்து படிந்து ஆற்றின் அடி உயர, சனங்கள் இரு கரையிலும் உள்ள மண் அணையை உயர்த்த, இப்போது கீழ்ப்பகுதியில் சில இடங்களில் ஆறு சுற்றியுள்ள வயலைவிட மேலே ஓடுகிறது. என் யன்னலிலிருந்து ஆறு தெரியாது. மண் அணைதான் தெரியும். அதில் ஏறினால்தான் தண்ணீர்.

மேல்வீட்டு ஆச்சியைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா, அவதான் இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவ. தனியாக இருக்கிறா. மழை பெய்தால் குடையோடு அணையில் ஏறி நீர்மட்டம் பார்த்துவிட்டு வந்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பா. காணி உறுதி, படங்கள் எல்லாம் தகரப்பெட்டியில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறா. முதலில் எனக்கு விளங்கவில்லை. அவ பொலேசினே என்ற இடத்தில் பிறந்தவ. 1951 நவம்பர் 14 ஆம் திகதி ஒக்கியோபெல்லோவில் அணை உடைந்து அந்தப் பகுதி முழுக்கத் தண்ணீர். தப்பி ஓடியவர்களை ஏற்றிய லொறி ஒன்று ஃபிராசினெல்லேயில் வெள்ளத்தில் நின்றுவிட, அதில் மட்டும் 84 பேர் செத்தார்களாம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரளவில் வீடு விட்டு வெளியேறினார்கள். திரும்பிப் போகாத குடும்பங்களில் ஆச்சியின் குடும்பமும் ஒன்று. சண்டையில் நாங்கள் 1995 இல் இடம்பெயர்ந்ததைப் பற்றி ஒருநாள் சொன்னேன். அவ ஒன்றும் கேட்கவில்லை, எழும்பிப் போய்ச் சாப்பாடு போட்டுத் தந்தா.

இங்கே பூசணிக்காயை மசித்துச் சீஸும் சாதிக்காயும் சேர்த்து மாவுக்குள் மடித்து அவிப்பினம். இனிக்கும். நான் மிளகாய்த்தூள் தூவித்தான் சாப்பிடுவேன், ஆச்சி தலையில் கை வைப்பா.

வெள்ள நேரத்தில் அணைக்கு வெளிப்பக்கம் நிலத்திலிருந்து தண்ணீர் குமிழி விட்டு வருமாம். அதை அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறு இடத்தால் கிளம்பும். சுற்றிவர மண்மூட்டை அடுக்கித் தண்ணீரை உள்ளே உயரவிட்டு, ஆற்றின் அமுக்கத்துக்கு எதிரமுக்கம் கொடுக்க வேணும். தெளிந்த தண்ணீர் என்றால் பயமில்லை. மண் கலங்கி வந்தால் அணையின் அடி அரிக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இந்த வருசம் வெள்ளமில்லை, வறட்சி. போன மாரியில் அல்ப்ஸில் பனி குறைவு, மழையும் இல்லை. எழுபது வருசத்தில் இப்படி வற்றவில்லை என்றார்கள். 1943 இல் போரில் மூழ்கிய 50 மீற்றர் படகு ஒன்று நான் இருக்கும் இந்த ஊருக்குப் பக்கத்தில் மணலுக்கு மேலே வந்தது. நானும் போய்ப் பார்த்தேன், கறள் பிடித்த முதுகு மட்டும் வெயிலில் கிடந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்ததும், கழிமுகத்தில் கடல் 30 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே ஏறிவிட்டது. அங்கே வயலுக்கு இறைக்க நல்ல தண்ணீர் இல்லை. அண்ணை குழாய்க்கிணறு அடிக்கப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லுங்கோ. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது. ஆழத்துக்குக் குழாய் விட்டு மோட்டர் போட்டு இழுத்தால் உப்புத்தான் மேலே வரும், வந்தால் இலேசில் போகாது. எங்கள் கிணறு மட்டுமில்லை, சுற்றியுள்ள கிணறுகளும் கெட்டுப்போகும். இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் விற்கும் விலைக்கு அவரும் என்ன செய்வார், அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வேண்டாம்.

எனக்கு அந்தக் கிணறு வேணும் அம்மா. இங்கே குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வருகிறது, ஆனால் கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றி, வேப்பம் நிழலில் நின்று தலை துவட்டினது நினைவு வந்தால் அன்றைக்கு நித்திரை இல்லை.

கோடையில் தண்ணீர் வற்றும்போது கிணற்றைச் சேறெடுப்பியுங்கோ, செலவு நான் தருகிறேன். அண்ணை கேட்ட மற்றக் காசை மட்டும் மார்கழிக்குள் எதிர்பார்க்க வேண்டாம், தை கழிந்து அனுப்புவேன். இங்கே ஓவர்டைம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. யோசிக்காதேங்கோ.

தங்கச்சியின் சாதகத்தை மாமி கேட்டால் கொடுங்கோ, பேச்சுப் பேசும்போது சீதனம் என்று நிலத்தை எழுதுவதாகச் சொல்லிவிட வேண்டாம். மாமா உறுதியைக் கேட்டால் போட்டோக்கொப்பி மட்டும் கொடுங்கோ. ஐயாவின் கண்புரைக்கு எந்த மாதம் திகதி கிடைத்தது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கோ.

இப்படிக்கு,
அன்பு மகன்