மலைமேல் பழி போடாதே, செல்வம்

பட்டுக்கோட்டை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனாலும் நாலு பக்கம் எழுதியவனுக்குப் பதிலுக்கு நாலு பக்கமாவது எழுத வேண்டாமா? இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கமலா காபியில் சீனி போடுவதை நிறுத்திவிட்டாள், வைத்தியம் அவ்வளவுதான். பெரியவள் மாற்றல் வாங்கிக்கொண்டு திருச்சிக்கே வந்துவிட்டாள். தோப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய், அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மூணாறு போனபோது ராஜமலையில், நிலச்சரிவில் செத்த பெட்டிமுடித் தேயிலைத் தோட்டத்துக்காரர்களைப் புதைத்த இடத்துக்கும் போனதாக எழுதியிருந்தாய். "மலையே இறங்கி வந்தால் மனுஷன் என்ன செய்ய, எல்லாம் தலையெழுத்து" என்று முடித்திருந்தாய். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை. காலமெல்லாம் ரெவின்யூவில் குப்பை கொட்டியவனால் அதை அப்படியே விட முடியவில்லை.

2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. எல்லாரும் படுத்துவிட்ட நேரத்தில் மண்ணும் பாறையும் லயங்கள்மேல் இறங்கின. 70 பேர் செத்தார்கள். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போய்த் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட சனங்கள். மழை பேய்மழைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லயம் என்பது யார் வீடு? எஸ்டேட் வீடு. வேலை இருக்கும்வரை கூரை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்தச் சரிவு ஆபத்தானது என்று ஒருத்தனுக்குத் தோன்றியிருந்தாலும், சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவன் பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவான்? கரண்ட் இல்லை, போன் இல்லை. நடந்தது வெளியே தெரியவே விடிந்துவிட்டது. போகிற வழியில் பெரியவரை என்ற இடத்துப் பாலம் 2018 வெள்ளத்திலேயே போயிருந்தது. அதற்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலமும் அந்த மழையில் கெட்டுப்போனது. இதில் எதையடா மலை செய்தது?

உனக்குத் தலையெழுத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் இன்னொன்றும் சொல்கிறேன். இலங்கையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த என்று ஒரு தோட்டம். அங்கேயும் தேயிலை, அங்கேயும் நம்மூரிலிருந்து போனவர்களின் வாரிசுகள், அதே வரிசை வீடுகள். 2014 அக்டோபர் 29 காலையில் சரிவு வந்து லயன்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்த இடத்தில் ஆட்களைக் குடிவைக்கக் கூடாது என்று அந்நாட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் சொல்லியிருந்தது, 2011-லும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது, சனங்கள் சரிவிலேயே இருந்தார்கள். கோப்பு எப்படித் தூங்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீயும் கவர்மென்ட் சம்பளம் வாங்கியவன்தான்.

இரண்டு நாடு, இரண்டு மழை. ஆனால் மண்ணுக்கு அடியில் போனது ஒரே மாதிரி ஆட்கள். மேடான, உறுதியான இடத்தில் இருந்த துரை பங்களா புதைந்ததாக எங்கேயாவது கேள்விப்பட்டாயா?

2010-ஐ எடுத்துக்கொள். ஜனவரியில் ஹைத்தியில் 7.0 அளவில் பூமி குலுங்கியது. லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8. வெளிப்பட்ட சக்தியைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 500 மடங்கு பெரியது. அங்கே செத்தவர்கள் 500-ஐ ஒட்டி. ஹைத்தியில் நடுக்கத்தின் மையம் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அது மட்டும் இந்த வித்தியாசத்துக்குப் போதாது. சிலி 1960-லேயே 9.5-ஐப் பார்த்த நாடு. கட்டடத்துக்குச் சட்டம் போட்டு, அதை மேஸ்திரியும் இன்ஜினியரும் மதிக்கும்படி செய்திருந்தது. ஹைத்தியில் கம்பியைக் குறைத்து, மணலைக் கூட்டிக் கட்டிய வீடுகள் ஆட்கள்மேலேயே உட்கார்ந்தன.

கஜா புயல் சமயம் நான் வேதாரண்யம் பக்கம் வருவாய் ஆய்வாளராக (ஆர்.ஐ.) இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 2018 நவம்பர் 15. கூண்டு ஏற்றியாச்சு, தண்டோரா போட்டாச்சு, பள்ளிக்கூடத்தில் முகாம் திறந்தாச்சு. கடற்கரை ஓரக் குடிசையில் ஒரு பெரியம்மா வாசலை விட்டு நகரவே மாட்டேன் என்றது. நாலு ஆடு, ஒரு சினை மாடு. "ஆட்டை எங்க கட்டுவ? உன் ஆபீஸ்லயா?" என்றது. அதோடு விடவில்லை. "அந்தப் பள்ளிக்கூடத்துல கக்கூஸைப் பூட்டி வெச்சிருக்காங்க. ராவுல பொம்பளைங்க எங்க தம்பி ஒதுங்குறது?" என்றது. என்னிடம் இரண்டுக்குமே பதில் இல்லை. தலையாரியை அனுப்பிப் பூட்டை உடைத்து, சுற்றுச்சுவருக்குள் ஆடுகளைக் கட்ட இடம் பண்ணிய பிறகுதான் கிழவி கிளம்பியது. பின்னாலேயே அந்தத் தெருவும் கிளம்பியது. வங்காளதேசத்தில் கால்நடைகளுக்கென்றே உயரமாக மண்மேடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். பெரியம்மா சொன்னதை அங்கே யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அந்த ராத்திரி 80,000 பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். காற்று நள்ளிரவுக்குப் பிறகு நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி, உள்ளே திண்டுக்கல் வரைக்கும் போய் ஆட்டம் போட்டது. 1977-ல் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இதே கடற்கரையில், இதே நவம்பரில் அடித்த புயலில் 500-க்கு மேல் செத்தார்கள். கஜாவில் நூறைத் தொடவில்லை. ஒரிசாவில் இன்னும் பெரிய கதை. 1999 அக்டோபர் சூப்பர் புயலில் பத்தாயிரத்தை ஒட்டிய சாவு. அதே வருஷமே பேரிடருக்கென்று தனி அமைப்பு வைத்தார்கள், கரையோரம் பூராவும் புயல் காப்பகம் கட்டினார்கள், ஊரூராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை நகர்த்தப்பட்டார்கள். சாவு ஐம்பதுக்குள் நின்றது. கடல் அதே வங்கக் கடல்தானே?

உயிர் தப்பினால் எல்லாம் தப்பியதாக ஆகிவிடாது. இங்கேதான் தோப்புக் கதை வருகிறது. முகாமிலிருந்து நான் ஊர் திரும்பியபோது வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, அந்தப் பக்கம் ஆலங்குடி, கீரமங்கலம் எல்லாம் அப்படித்தான். இதற்குக் காற்றை மட்டும் சொன்னால் போதுமா? கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் ஒழுங்காக வராது, நெல்லை நம்ப முடியாது என்றுதான் ஊர் ஊராகத் தென்னைக்கு மாறினோம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மரம், வீட்டுக்கு ஒரே வருமானம். காப்பீட்டுத் திட்டம் இருந்தது. எங்கள் தெருவில் கட்டியவர் எவரும் இல்லை. அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. நெட்டை ரகம் நட்டுக் காய் பறிக்க ஆறேழு வருஷம் ஆகும்.

அதிலும் என் பாடு பரவாயில்லை. பட்டா என் பேரில் இருந்ததால் பணம் என் கணக்குக்கு வந்தது, மாதச் சம்பளமும் இருந்தது. நம் தோப்பில் மட்டை உரிப்பானே மாணிக்கம், அவனுக்கு மரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. எந்தப் பட்டியலிலும் அவன் பேர் ஏறவில்லை, ஏற்ற வழியும் இல்லை. குடும்பத்தோடு திருப்பூர் போனவன் பனியன் கம்பெனியிலேயே நிலைத்துவிட்டான். கஜா வந்து போனது ஒரு ராத்திரியில். அவனுக்கு அது இன்னும் முடியவில்லை என்றே சொல்வேன்.

புதுக் கன்றுகளில் பாதி இந்த வருஷம்தான் பாளை தள்ளியிருக்கின்றன. வெள்ளை ஈ பாடாய்ப் படுத்துகிறது. இந்த முறை இடையிடையே பலாவும் மாவும் வைத்திருக்கிறேன். கிழக்கு ஓரம் முழுக்க வாழை. கமலாவுக்கு இதில் சந்தோஷம், எனக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் இடுப்பு போகிறது.

சரி, கடைசிப் பக்கத்தில் கோழிக்கிறுக்கலாக நீ எழுதியிருந்த மனை விஷயம். தாம்பரத்துக்கு அந்தப்பக்கம், பையனுக்காக, அரை கிரவுண்டு, "அங்கீகாரம் இருக்கிறது, பாங்க் லோன் கிடைக்கும்" என்கிறாய். லோன் கொடுக்கிறவன் உன் சம்பளத்தைப் பார்ப்பான், தண்ணீர் வரும் வழியையா பார்ப்பான்? 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர் பக்கம் மாடிக்கு ஏறியவர்களைப் படகில் இறக்கினார்கள். அந்த மழை மறுபடி வராது என்று எந்த ரிஜிஸ்ட்ராரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்.

தரகர் காட்டும் வண்ணப் படத்தை ஓரமாக வை. தாலுகா ஆபீசில் கிராம வரைபடமும், அந்தப் புல எண்ணுக்கு அ-பதிவேட்டில் (நிலம் என்ன வகை என்று எழுதி வைக்கும் கணக்கு) என்ன எழுதியிருக்கிறது என்பதும் கேட்டு வாங்கு. பக்கத்து எண்களையும் சேர்த்துப் பார். ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால் என்று எதாவது தட்டுப்பட்டால் கலுங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரி. உபரித் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும், உன் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து ஒதுங்காது. பிறகு ஒரு நடை நேரில் போ. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் 2015-ல் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேள், கையைத் தூக்கிக் காட்டுவார். கரண்ட் மீட்டரை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் பார். பழைய வீட்டுக்காரர்கள் வாசலில் புதிதாக எத்தனை படி கட்டியிருக்கிறார்கள் பார். ரோடு மேலே மேலே போட்டுக்கொண்டே போக, வீடு பள்ளத்தில் இறங்கிப்போன தெருக்கள் அந்தப் பக்கம் நிறைய.

பையன் அவசரப்படுத்துவான், விலை ஏறும் என்பான். அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே. புல எண்ணும் கிராமப் பேரும் எனக்கு அனுப்பு. அங்கே தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற சிநேகிதர் ஒருத்தர் இருக்கிறார், பழைய கணக்குகளைக் கரைத்துக் குடித்தவர். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், அதற்கும் நாலு பக்கம் எழுதிக்கொண்டிருக்காதே.

லட்சுமியை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
ராமமூர்த்தி