மூணாவது பின்

அண்ணா,

வர்ற சித்திரை வந்தா ரெண்டு வருசம். கிழக்குக் கடற்கரைச் சாலையில மறுபடியும் ஒரு மத்தியானக் கச்சேரிக்கு நேத்து ஒத்துக்கிட்டேன். மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும். அதே இடம் இல்லைங்ணா, வேற இடம். கடல் மட்டும் அதே கடல்.

அன்னிக்குக் கடற்கரை மேடையில, நான் சவுண்டு பார்க்கறப்ப, பேஸ் கிட்டாரோட மைக்குக்கு வந்த உங்களுக்குக் கரண்ட் அடிச்சது உங்களுக்குத் தெரியும். ஏன் நடந்துச்சுன்னு நான் இதுவரைக்கும் சொல்லல. பொதுவுல எழுதறேன், ஏன்னா ஈரோடு, கோபி, திருப்பூர்ப் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா வச்சிருக்கிற பசங்களும் இதைப் படிக்கோணும். அதனால ஜெனரேட்டர் யாருது, விடுதி எது, அன்னிக்கு ராத்திரி வேன்ல யார் என்ன பேசினாங்கங்கறதெல்லாம் இங்க வராது.

நம்ம தோட்டத்து மோட்டாருக்கு எர்த் போடறப்ப குழி வெட்டி, கரியும் உப்பும் மாத்தி மாத்திக் கொட்டி, தண்ணி ஊத்துவோம். செம்மண்ணும் சரளையுமான காட்டுல அப்படிச் செஞ்சாத்தான் கரண்ட் இறங்கும். கடற்கரைக்குப் போனதும் நான் நெனச்சது இதுதான்: உப்பும் தண்ணியும் இங்கயே கிடக்குது, எர்த்துக்கு என்ன குறை? தப்பு. மேல்மணல் வெயில்ல பொரி மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு. அதுல ஒண்ணரை அடிக் கம்பியைச் செருகிட்டு ஜெனரேட்டர்க்காரர் சாப்பிடப் போயிட்டாரு. தோண்டினா தண்ணி கசியற ஆழத்துக்குக் கம்பி இறங்கோணும். இறங்கலைன்னா அது எர்த் இல்லை, நட்டு வச்ச குச்சி.

மிக்சர், ஸ்பீக்கர், எல்ஈடி திரை எல்லாம் ஜெனரேட்டர்ல. உங்க பேஸ் கிட்டார் ஆம்ப் மட்டும் விடுதி வராண்டா பிளக்குல. வேண்டாங்ணான்னு சொன்னேன். ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கி ஆம்பைத் தின்னுரும்னீங்க. வயசுக்கு மரியாதை குடுத்து விட்டுட்டேன். எல்ஈடி திரையோட கசிவுக் கரண்டுக்கு மணல்ல இறங்க வழி கிடைக்கல. மிக்சரையும் ஆம்பையும் சேர்த்த கேபிளோட மேலுறை வழியா விடுதி எர்த்தைத் தேடிப் போச்சு. அதுதான் ஸ்பீக்கர்ல 'ம்ம்'னு கேட்ட அந்த ஹம்மிங்.

ரெண்டே முக்காலுக்கு நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து உங்க ஆம்ப் பிளக்குல மேல இருக்கிற தடிச்ச பின்னைக் கழட்டினேன். எர்த் பின். ஹம்மிங் பாதிக்கு மேல அடங்கிருச்சு. நம்ம தொழில்ல பாதிப் பேர் செய்யற வேலைதான், எனக்கும் ஒருத்தர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. அப்பவும் ஆம்போட உடம்புக்கு ஒரு எர்த் மிச்சம் இருந்துச்சு, கேபிள் மேலுறை வழியா மிக்சருக்கு. அதுவும் அறுந்தது எப்படின்னு எனக்கு ஆறு மாசம் புரியல. ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவுல சிக்னல் போற சின்னப் பெட்டி, டிஐ பாக்ஸ், அதைத் துடைக்க எடுத்தப்பத்தான் கேபிள் மேலுறையோட எர்த்தைப் பிரிக்கற கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் அழுங்கி இருந்ததைப் பார்த்தேன்.

மிச்ச ஹம்மிங் உங்க காதுக்குக் கேட்டிருக்குது. வேற யாருக்கும் கேட்டிருக்காது.

அந்தக் காதைப் பத்திச் சொல்லியே ஆகோணும். பார்க்கறவங்களுக்குக் கடல் தெரியட்டும்னு மேடையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தாங்க. கிழக்குக் கடல், அதனால மூணு மணி வெயில் நேரா நம்ம மூஞ்சியில. ஆம்ப் திரையில எழுத்தே தெரியல. வெயில்ல புல்லாங்குழல் சுருதி ஏறுது, கிட்டார் கம்பி நீண்டு இறங்குது, ஈரக்காத்துல தபலாத் தோல் தளருது. மூணும் ஒண்ணோட ஒண்ணு சேரல. ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினா, குழலுக்குள்ள காத்து ஒரு டிகிரி சூடாக சுமார் மூணு பங்கு ஏறும். அஞ்சு டிகிரிக்குப் பதினஞ்சு. குழலை இறக்க முடியாது, மத்ததெல்லாம் அதுகூடச் சேரட்டும்னு கீபோர்டோட சுருதியை 440 ஹெர்ட்ஸ்ல இருந்து 444-க்கு ஏத்தச் சொன்னீங்க. ஒரே வார்த்தை, மேடையே சேர்ந்துக்கிச்சு. அதை உங்ககிட்ட நான் ஒருநாளும் பாராட்டிச் சொன்னதில்லைங்ணா.

அப்பேர்ப்பட்டவர் பொத்தானை அழுத்தினதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிக்சர்ல இருக்கிறவன் நான்.

நாலாவது பாட்டு, ரெண்டாவது சரணம். கோரஸ் பாட மைக்குக்கு வந்தீங்க. காத்துக்குப் போட்ட மைக் பஞ்சு வேர்வையிலயும் உப்பு ஈரத்துலயும் ஊறி இருந்துச்சு. காய்ஞ்சிருந்தா அதுவே தடுத்திருக்கும். இடது கை ஸ்ட்ரிங்குல, உதடு மைக்குல. எர்த் இல்லாத ஆம்புக்குள்ள கசிஞ்சது ஸ்ட்ரிங் வரைக்கும் வந்து நின்னுச்சு, மைக் இன்னொரு எர்த்துல, நடுவுல நீங்க. இடது கை விரல் மடங்கி ஸ்ட்ரிங்கை விடவே இல்லை. தலை பின்னால வெட்டுச்சு. அந்த வேகத்துலதான் கை விட்டுச்சு. முன்னால உக்காந்திருந்த ரெண்டு குழந்தைங்க அதை ஆட்டம்னு நெனச்சுக் கை தட்டுச்சு. கீழ் உதட்டுல மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

ஜெனரேட்டரோட எர்த் கம்பி காய்ஞ்ச மணல்ல இருந்ததாலதான் கரண்ட் மட்டுப்பட்டுச்சு. ஈர மணல்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் எழுதல. அக்கா இதைப் படிப்பாங்க.

நீங்க செஞ்சது சரி. ஹம்மிங்குக்கு மருந்து அந்தப் பொத்தான்தான். அது சிக்னல் கம்பியோட எர்த்தை மட்டும்தான் பிரிக்குது, ஆளைக் காக்கற எர்த்தைத் தொடாது. நான் கழட்டினது ஆளைக் காக்கற எர்த்தை. மன்னிச்சுக்கங்க. ஆனா மறுநாளே போனை எடுக்காம, வேற ட்ரூப்புல போய் உக்காந்துக்கிட்டு, "சவுண்டுக்காரன் கொல்லப் பார்த்தான்"னு சொன்னது எனக்கு இன்னும் ஆறலைங்ணா. பதினோரு வருசம் ஒரே வேன்ல போயிருக்கோம்.

இந்தத் தடவை மேடைக்கு மொத்தமா கரண்டைப் பிரிச்சுக் குடுக்கற ஒரே டிபி போர்டு, அதுல கரண்ட் கசிஞ்சா உடனே விழுந்து கட் பண்ற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. அதோட டெஸ்ட் பொத்தானை நானே அழுத்தி, விழுதான்னு பார்ப்பேன். வெளிப் பிளக்குல ஒரு செல்போன் சார்ஜர்கூடச் சொருக விடமாட்டேன். ஆறடிக் கம்பி, ஈர மணல் வரைக்கும். மேடை ஏறறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுல வச்சு, ஒரு முனை மைக் வலையில, ஒரு முனை ஸ்ட்ரிங்குல. டெஸ்டரை நம்ப முடியாது, சும்மாவே மினுங்கும். மீட்டர் ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா, கல்யாண வீட்டுக்காரங்க எவ்வளவு சத்தம் போட்டாலும் பாட்டு ஆரம்பிக்காது. ஒவ்வொரு மைக்குக்கும் ரெண்டு பஞ்சு, ஊறினா மாத்தறதுக்கு.

உங்க ஆம்ப் எங்கிட்டத்தான் இருக்குது. உப்புப் படிஞ்ச போர்டைக் கழுவிக் காய வச்சாச்சு. புது பிளக், மூணு பின்னோட. வியாழக்கிழமை ராத்திரி ஒம்பதரைக்குப் பெருந்துறை ரோட்டுல இருந்து வேன் கிளம்புது. முன்னாடி சீட்டை யாருக்கும் சொல்லல. வர்றதா இல்லைன்னா புதன்கிழமைக்குள்ள ஆம்பை எடுத்துட்டுப் போயிருங்க, வேன்ல இடம் பத்தாது.