பால்குழிக்கு ஊத்த தண்ணி இல்ல, பில்லு மட்டும் தேதி தவறாம வருது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் காலையில இட்லி, அப்பம் விக்கிறவ. மலேசியாவுல இருக்குற எங்க ஊர டவுன்னு சொல்றதே பேருக்குத்தான், ஒரு ரோடு, ரெண்டு வரிச கடை, ஒரு தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயிலு, சுத்தி செம்பனை, அவ்ளோதான். இன்னமும் "தோட்டத்துல இருக்கோம்"னுதான் வாயில வருது. தண்ணி பிரச்சனைய பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன், போன திருவிழாவுல நடந்தத பாத்த பிறகு இதுக்கு மேல சும்மா இருக்க முடியல.

ஞாயித்துக்கெழம தீமிதி. சனிக்கெழம ராத்திரி பத்து மணிக்கு பைப்ப தொறந்தா புஸ்ஸுனு காத்து வருது. அன்னதானத்துக்கு அரிசி ஊறப்போட்டாச்சு, அண்டா மூணு கழுவாம கெடக்கு, வெளியூர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க வேற வீட்டுக்கு ஏழு எட்டு பேரு. விடிஞ்சும் தண்ணி வரல. குண்டம் எரிஞ்சு தணல் ஆயிடுச்சு, தீ மிதிச்சு எறங்குறவங்க காலு வைக்க பால்குழி வேணும், பால் இருக்கு, கலக்க தண்ணி இல்ல. கடைசியில ஒரு பையன் லோரிய எடுத்துட்டு போயி பக்கத்து குளத்துல தோங் தோங்கா, பீப்பா பீப்பாயா மொண்டுட்டு வந்தான், அதுல மஞ்சள கரைச்சு ஊத்தினோம். ஆத்தா ஏத்துக்கிட்டா, அது வேற விஷயம்.

அப்புறமாத்தான் என் தங்கச்சி மகன் போன்ல காட்டுறான், தண்ணி கம்பெனி ஃபேஸ்புக்ல சனிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு அறிவிப்பு போட்டிருக்கு. மலாய்ல, ஏதோ ஜோன் நம்பரோட. எங்க ஊரு பேரு அதுல இல்ல, அந்த நம்பர்தான் எங்க ஊராம். எழுபது வயசு பாட்டிக்கு ஜோன் நம்பர் எப்படி தெரியும்? சீனக்கடை வாசல்ல ஒரு தாள ஒட்டியிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும், ராத்திரியே எல்லாரும் புடிச்சு வச்சிருப்போம்.

திங்கக்கெழம கடைய சாத்திட்டு கவுண்டருக்கு போனேன். அந்த பிள்ளைய குத்தம் சொல்ல மாட்டேன், மரியாதையாத்தான் பேசுச்சு. கம்ப்யூட்டர தட்டி பாத்துட்டு "மாக்சிக் (அத்தே), உங்க லயத்து வரிச வீடுங்களுக்கு மீட்டர் ஒண்ணுதான், கேட்டுகிட்ட இருக்குற பெரிய மீட்டர், அதுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் எங்க பொறுப்பு, உள்ள இருக்குற பைப்பு தோட்டத்தோடது"னு சொல்லிடுச்சு. தோட்டத்து ஆபிஸுக்கு போனா கிராணி, அதான் அங்க இருக்குற கிளார்க்கு, "மெயின் பைப்புலயே பிரஷர் இல்ல, நாங்க என்ன பண்றது"ங்கிறாரு. மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தரு, நடுவுல நாங்க வாளியோட நிக்கிறோம்.

மீட்டர் வரைக்கும் கம்பெனி, மீட்டர தாண்டினா வீட்டுக்காரங்கங்கிற கணக்கு தாமான்ல, அதாவது குடியிருப்புல இருக்குற தனி வீட்டுக்கு சரி. ஒரே மீட்டர்ல அறுவது குடும்பம் தொங்குற லயத்துக்கு அது எப்படி பொருந்தும்? 1990ல வந்த 446வது சட்டம், தோட்டத்துல வேல செய்றவங்க குடியிருக்கிற வீட்டுக்கு போதுமான பைப்பு தண்ணிய இலவசமா குடுக்கணும்னு முதலாளி மேல பொறுப்ப வச்சிருக்கு. சரி, ஆனா எங்க லயத்துல பாதி பேரு வேலைய விட்டு ஓய்வுல இருக்கிறவங்க, பிள்ளைங்க டவுன்ல வேல செய்யிறாங்க. அவங்களுக்கு யாரு பொறுப்பு? கேட்டா ரெண்டு ஆபிஸுலயும் அமைதி.

மேல போனாலும் இதே கததான். 2005ல அரசியலமைப்ப திருத்தி தண்ணி விநியோகத்துல மத்திய அரசும் கைய வச்சிச்சு, ஆறு, அணைக்கட்டு தண்ணி எல்லாம் மாநிலத்துக்கிட்டயே இருந்துச்சு. 2006ல ரெண்டு சட்டம் போட்டாங்க, 654 ஆணையத்துக்கு, 655 தண்ணி சேவைத் தொழிலுக்கு. லைசென்ஸ் குடுத்து கண்காணிக்க ஸ்பான், அதாவது தேசிய தண்ணீர் சேவை ஆணையம். பைப்பு, ஆலைய எல்லாம் கட்டி குத்தகைக்கு விட பெங்குருசான் அசெட் ஆயர் பெர்ஹாட்ங்கிற மத்திய அரசு கம்பெனி. தண்ணி ஓட்டுறது மாநில கம்பெனி. தண்ணியோட தரத்த பாக்குறது சுகாதார அமைச்சு, 1983ல இருந்தே மாதிரி எடுத்து சோதிக்கிற திட்டம் ஓடுது. இத்தன பேரு இருக்கிறது நல்லதுதான், ஆளாளுக்கு ஒரு வேல. எங்களுக்கு மட்டும் எந்த கதவ தட்டுறதுன்னு தெரியல. மொதல்ல கம்பெனிகிட்ட புகார் பண்ணு, அவங்க சரியா கவனிக்கலன்னா ஸ்பானுக்கு போ, இதுதான் முறை, இது எனக்கே இந்த வயசுல இப்பதான் தெரிஞ்சிச்சு. பில்லுல இத பெருசா தமிழ்லயும் ஒரு வரி அச்சடிச்சா மை தீர்ந்து போயிடுமா?

கட்டணத்துக்கு வரேன். 2024 பிப்ரவரி 1ல இருந்து தீபகற்பத்துலயும் லாபுவான்லயும் வீட்டு தண்ணிக்கு ஒரு கன மீட்டருக்கு சராசரியா 22 சென் ஏத்துனாங்க. ஆயிரம் லிட்டருக்கு 22 சென், மாசம் இருவது கன மீட்டர் புடிச்சாலும் நாலு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம்தான், அத நான் பெருசா பேச வரல. தண்ணி வராத ஒரு நாளு போத்தல் தண்ணி வாங்கினாலே அத விட அதிகம் போயிடும். பராமரிப்பு செலவு கூடிப்போச்சுன்னு சொன்னாங்க, அந்த கேட்டு மீட்டர் பில்லுல எங்க பங்க நாங்களும் கட்டுறோம். கட்டின பிறகு கேள்வி கேக்குற உரிமையும் எங்களுக்கு இருக்குல்ல?

2022 கணக்குப்படி நாடு முழுக்க சுத்தம் பண்ணி அனுப்புற 100 லிட்டர்ல 37 லிட்டர் பில்லுக்கே வராம போயிடுது, ஒழுகல், திருட்டு, ஓடாத மீட்டர் எல்லாம் சேத்து. அது எங்க போகுதுன்னு எனக்கு ஒரு இடம் தெரியும். பழைய ரப்பர் பேக்டரி கேட்டுகிட்ட ரோட்டோரமா மூணு மாசமா ஊத்து மாதிரி தண்ணி ஓடிச்சு. அந்தப் பக்கம் ஒரு அண்ணன் கங்குங் கீரை போட்டாரு, நல்லா வளந்துச்சு, எனக்கும் ரெண்டு கட்டு குடுத்தாரு. அத அடைக்க நாலு தடவ போன் பண்ணோம், ஒவ்வொரு தடவையும் புது புகார் நம்பர் குடுத்தாங்க, பழைய நம்பர் என்ன ஆச்சுன்னு கேட்டா மூடியாச்சுங்கிறாங்க. ஓட்டை மூடல, நம்பரத்தான் மூடியிருக்காங்க.

தண்ணி திரும்பி வர்றப்ப பாக்கணும், தேத்தண்ணி கலருல வரும். பழைய பைப்புல படிஞ்ச இரும்புத் துருவும் மண்ணும் திடீர்னு தண்ணி பாஞ்சதும் கெளம்பிடுது, காரணம் எனக்கும் புரியுது. ஆனா நாடு முழுக்க இன்னமும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு பைப்புங்க பல வருஷமா மண்ணுக்குள்ள கெடக்குறது யாருக்கும் தெரியாத ரகசியமா? எங்க ரோட்டு பைப்ப எந்த வருஷம் மாத்துவாங்கன்னு ஒரு தேதி சொல்லட்டும், தள்ளிப்போனா ஏன் தள்ளிப்போச்சுன்னு சொல்லட்டும். அந்த கலங்கல்ல நான் மாவு அரைக்க முடியாது, அன்னிக்கு வியாபாரமே போச்சு.

2020 செப்டம்பர்ல சுங்கை கோங் ஆத்துல கழிவ ஊத்தி, சுங்கை சிலாங்கூர் ஆத்துல நாலு சுத்திகரிப்பு ஆலை நின்னப்ப 12 லட்சம் கணக்குக்காரங்களுக்கு தண்ணி இல்ல. நாடே பேசிச்சு, டிவில மணிக்கு மணி செய்தி, தண்ணி லோரி எங்க வரும்னு பட்டியல் வந்துச்சு. எங்க அறுவது வீட்டுக்கு தண்ணி நின்னா அது செய்தி இல்ல, அதனாலதான் உங்க பேப்பருக்கு எழுதுறேன்.

நான் கேக்குறது பெரிய விஷயம் இல்ல. தண்ணிய நிறுத்துறதுக்கு முன்னாடி ஊரு பேர போட்டு கடையிலயும் கோயில்லயும் ஒரு தாள ஒட்டுங்க. லோரி வருதா இல்லையான்னு சொல்லுங்க. எங்க வட்டாரத்துல மாசம் எவ்ளோ தண்ணி வீணா போச்சுன்னு ஆபிஸ் வாசல்லயே எழுதி வைங்க. முக்கியமா கம்பெனியும் தோட்டமும் ஒரே மேசையில உக்காந்து அந்த கேட்டு மீட்டர பத்தி ஒரு முடிவு பண்ணுங்க, வீட்டுக்கு வீடு தனி மீட்டர்னாலும் சரி, அவங்கவங்க வீட்டு பில்ல கட்ட நாங்க தயார்தான்.

அடுத்த திருவிழா தேதி குறிச்சாச்சு. எந்தெந்த நாளு தண்ணி கண்டிப்பா வேணும்னு கமிட்டிக்காரங்க இப்பவே மலாய்ல கடிதம் எழுதி ரெண்டு ஆபிஸுலயும் குடுத்து, காப்பில சாப் (முத்திரை) அடிச்சு வாங்கிட்டாங்க. அந்த ரெண்டு காப்பியும் கோயில் உண்டியலுக்கு பக்கத்துல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு, யாரு வேணாலும் வந்து பாக்கலாம்.

இப்படிக்கு,
இட்லிக்கடைக்காரி ஒருத்தி