படத்தை வைத்துத் தாடையைத் தீர்மானித்தது யார்? ஒரு முறைப்பாட்டுக் கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

சிகிச்சை நிலைய முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: தாடை அறுவைச் சிகிச்சைக்காகக் கட்டிய முற்பணத்தைத் திருப்பித் தருதலும், ஆலோசனை வழங்கப்பட்ட முறை பற்றிய முறைப்பாடும்

ஐயா / அம்மணி,

என் மகனுக்கு 17 வயது. அவனுக்குக் கீழ்த்தாடை முன்னுக்கு நிற்கிறது. வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே வரும். பாடசாலையில் வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. யாராவது படம் எடுத்தால் நாடியைக் கையால் மறைத்துக்கொள்வான். உங்கள் விளம்பரத்தைப் போனில் கண்டுபிடித்து எங்களுக்குக் காட்டியவனும் அவன்தான். அறுவைச் சிகிச்சைக்கு நாங்கள் எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், பணத்தைத் திருப்பிக் கேட்டபோது உங்கள் அலுவலர் "அங்கிள் பயந்துட்டீங்க போல" என்று சிரித்தார். பயம் இல்லை. கோபம்.

அன்று ஆலோசனைக் கட்டணம் கட்டி உள்ளே போனோம். உங்கள் ஒருங்கிணைப்பாளர் மகனை நேராகவும் பக்கவாட்டாகவும் போனில் படம் எடுத்தார். பிறகு டெப்லெட்டில் விரலால் கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளி, "இப்படித்தான் வருவீங்க தம்பி" என்றார். டொக்டர் வந்தார், அந்தப் படத்தைப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். மகனை வாயைத் திறக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அதன் பின் பேசியதெல்லாம் பணம்தான். மாத முடிவுக்குள் கட்டினால் கழிவு, பல்லை நிமிர்த்தும் கிளிப் போடத் தேவையில்லை, நேரே ஒப்பரேஷன். நீட்டிய படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டதற்கு "வழமையான போர்ம்தான் அன்ரி" என்ற பதில் கிடைத்தது. அன்றே ஒன்றரை இலட்சம் ரூபா முற்பணம் வாங்கிக்கொண்டீர்கள்.

பிறகு வேறோர் இடத்தில் பல்சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் மகனைக் காட்டினோம். அவர் முதலில் கேட்டது தாடையைப் பற்றியே இல்லை. "போன வருஷத்திலிருந்து உயரம் கூடியிருக்கா?" என்றார். கூடியிருக்கிறது, பாடசாலைக் காற்சட்டையின் மடிப்பை அவிழ்த்து விட்டிருக்கிறோம். ஆண்பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை பதின்ம வயதின் கடைசி வரை, சிலருக்கு அதற்குப் பிறகும், வளரக்கூடும். வளர்ச்சி நிற்குமுன் வெட்டிப் பின்னுக்கு வைத்தால் மறுபடி முன்னுக்கு வர இடமுண்டு. அதனால் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, சுமார் ஒரு வருடம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு வளர்ச்சி நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள். உங்கள் இடத்தில் எக்ஸ்ரே என்ற பேச்சே எழவில்லை.

அடுத்தது கிளிப். இப்படித் தாடை உள்ளவர்களுக்குப் பற்கள் தாமாகவே சாய்ந்து இடைவெளியைச் சமாளித்திருக்கும், கீழ்ப்பற்கள் உள்ளுக்கும் மேற்பற்கள் வெளியேயுமாக. அவற்றை நிமிர்த்திய பிறகுதான் தாடையைச் சரியான இடத்தில் பொருத்தலாம். அதற்குப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் பிடிக்கும். அறுவைக்குப் பின்னும் சில மாதங்கள் கிளிப் இருக்கும். பற்கள் நிமிர நிமிர, கீழ்த்தாடை முன்பைவிடத் துருத்தித் தெரியும். முகம் நேராக வேண்டும் என்று வருகிற பிள்ளைக்கு, ஒரு வருடத்துக்கு மேல் அது இன்னும் மோசமாகத் தெரியும் என்பதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? அதுவும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற வருடத்தில். கிளிப்புக்கு முன்னரே அறுவை செய்யும் முறையும் உண்டு என்பதை அறிவேன். யாருக்கு அது பொருந்தும் என்பதை முடிவு செய்யப் பல்சீரமைப்பு நிபுணரும் தாடை அறுவை நிபுணரும் பல் அச்சையும் எக்ஸ்ரேயையும் வைத்துச் சேர்ந்து உட்கார வேண்டும். உங்கள் டெப்லெட்டைச் சுற்றி அப்படி யாரும் உட்காரவில்லை.

இன்னொன்று. இப்படிப் பலருக்குக் கோளாறின் ஒரு பங்கு மேல்தாடையில் இருக்கும். கீழ்த்தாடை பெரிதாக வளர்ந்ததோடு மேல்தாடையும் பின்தங்கி நிற்கும். அப்போது மேல்தாடையை முன்னுக்கு நகர்த்த வேண்டி வரலாம், அதனால் மூக்கின் அடிப்பகுதி சற்று அகலவும் கூடும். கீழ்த்தாடையை மட்டும் அதிகம் பின்னுக்குத் தள்ளினால் தொண்டையின் சுவாசப் பாதை ஒடுங்கலாம். குறட்டை விடுகிறானா என்று அந்த நிபுணர் கேட்டது இதற்காகத்தான். நீங்கள் காட்டிய படத்தில் விரல் போன பக்கம் எல்லாம் தாடை போனது. அதற்குள் எலும்பும் இல்லை, நரம்பும் இல்லை.

நரம்பு என்றதும் மிகவும் கோபம் வருகிறது. கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஓடும் நரம்புதான் கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது. இந்த அறுவைக்குப் பிறகு அந்த இடம் மரத்துப்போவது சாதாரணம். பலருக்கு மாதக்கணக்கில் திரும்பி வரும், சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். முழு மயக்க மருந்து, எலும்பைப் பிடிக்கும் டைட்டேனியத் தகடுகள், வாரக்கணக்கில் நீராகாரமும் மென்மையான சாப்பாடும், இறுதி முகம் தெரிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். இவற்றில் ஒன்றையாவது சொன்னீர்களா? "ரெண்டு கிழமையில ஸ்கூல் போகலாம்" என்பது மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்த மருத்துவத் தகவல்.

அந்த நிபுணர் மகனிடம் தனியாகவும் பேசினார். பட்டப்பெயர் இல்லாவிட்டாலும் இதைச் செய்வாயா என்று கேட்டாராம். கடிக்க முடிகிறதா என்றும் கேட்டார். பாணோ ரோல்ஸோ, முன்பல்லால் அறுக்க முடியாது, கடைவாயால்தான் என்று அவன் சொன்னான். ஆக இது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. வளர்ந்து முடிந்த பிறகு அறுவை அவனுக்கு உண்மையிலேயே பொருந்தலாம். நேர்மையாகச் சொல்லியிருந்தால் நாங்கள் உங்களிடமே திரும்பி வந்திருப்போம். முகத்தோற்றத்துக்காக வருகிறவரிடம் எதிர்பார்ப்பு என்ன, ஏன் இப்போது, யாருடைய சொல்லுக்காக என்று கேட்பதும் சிகிச்சையின் பகுதிதான். நீங்களோ திரைச்சீலைக்கு நிறம் தெரிவு செய்வது போல நாடிக்கு வடிவம் தெரிவு செய்யச் சொன்னீர்கள்.

கிட்டப் பிடித்து எடுக்கும் போன் படத்தில் முகத்தின் அளவுகள் மாறும் என்பதும் தெரிந்த விடயம். 12 அங்குலத்தில் எடுத்தால், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கின் அடி ஏறத்தாழ 30 வீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. அப்படிப்பட்ட படத்தில் திருத்திய முகத்தை என் மகனின் வட்ஸ்அப்புக்கே நேரே அனுப்பி வைத்தீர்கள். கூடவே "தம்பி இடம் முடியப் போகுது" என்று திரும்பத் திரும்பச் செய்தி. பெற்றோரைத் தாண்டி 17 வயதுப் பிள்ளைக்கு. இரவில் அவன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே முற்பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். "எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டின் கீழே பொடி எழுத்தில் இருப்பதை நானும் பார்த்தேன். பரிசோதனையே செய்யாமல் வாங்கிய பணத்துக்கு அந்த வரியைக் காட்டாதீர்கள். மகனுக்கு இனி எந்தச் செய்தியும் அனுப்பக்கூடாது. அவனுடைய படங்களை அழித்துவிட்டதாகவும், விளம்பரத்தில் பயன்படுத்தவில்லை என்றும் எழுத்தில் தர வேண்டும். அன்று எந்த வைத்தியர், எதை அடிப்படையாகக் கொண்டு அறுவையைப் பரிந்துரைத்தார் என்பதையும் தமிழில் எழுதித் தாருங்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறைச் சபைக்கும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இதே கடிதம் போகும். பற்றுச்சீட்டு, படிவம், வட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். பணத்தை நான் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பலாம்.

இப்படிக்கு,
நோயாளியின் தந்தை