மூன்றாம் முறையும் நின்றுவிட வேண்டாம்: ஸ்பானிய அரச அகாதெமிக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பானிய அரச அகாதெமியின் உறுப்பினர் பெருமக்களுக்கு,

வணக்கம். ஸ்பானியச் சொற்கள் காலந்தோறும் மாறிவந்த வரலாற்றைச் சொல்லும், நீங்கள் இணையத்தில் வெளியிட்டுவரும் புதிய வரலாற்று அகராதி குறித்த ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். அதற்குத் துணையாக, 1950இல் உங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு 2001இல் மறையும்வரை உங்களுள் ஒருவராக இருந்த மொழி வரலாற்றறிஞர் ரஃபயேல் லபேசாவின் பணிவாழ்வை நினைவூட்ட விரும்புகிறேன்.

1908இல் வலென்சியாவில் பிறந்த லபேசா, இருபது வயது நிரம்புமுன்பே மாட்ரிட்டின் வரலாற்றாய்வு மையத்தில் மூத்த மொழியறிஞர் மெனென்தெஸ் பிடாலிடம் பணிக்குச் சேர்ந்தார். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டுவரையிலான ஆவணங்களிலிருந்து பழஞ்சொற்களைத் திரட்டும் சொல்லடைவு வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடையில் உள்நாட்டுப் போர் வந்தது, மையம் கலைந்தது, உடன் உழைத்தவர்களுள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்தச் சொல்லடைவு அச்சேறியது 2003இல், லபேசா மறைந்து இரண்டாண்டுகள் கழித்து.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஸ்பானிய மொழி வரலாற்று நூலும் போர்க்காலத்தில் கருக்கொண்டதுதான். 1942இல் முதற்பதிப்புக் கண்ட அந்நூலை அவர் முடிந்த வேலையாக ஒருபோதும் கருதவில்லை. 1981இன் ஒன்பதாம் பதிப்புவரை திருத்தியும் விரித்தும் வந்தார். அவர் ஆராய்ந்த முறைக்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்றுண்டு. இன்று ‘நோச்சே’ என்று வழங்கும் இரவைக் குறிக்கும் சொல், பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டு ஏடுகளில் ஈற்றுயிர் கெட்டு ‘நோச்’ என்று வருகிறது. பிறகு அந்த உயிர் திரும்பிவிடுகிறது. லபேசா இதை ஒலி விதியோடு விட்டுவிடாமல், பிரான்சிலிருந்து வந்து குடியேறிய துறவிகள், வணிகர்கள் ஆகியோரின் செல்வாக்கோடும், பின்னர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் காஸ்தீலிய மன்னர் பத்தாம் அல்போன்சோவின் அவையில் மாறிய எழுத்து நடையோடும் இணைத்துக் காட்டினார். ஓர் உயிரெழுத்தின் போக்குவரவில் ஒரு சமூகத்தின் நடமாட்டத்தைக் கண்டவர் அவர்.

உங்கள் அவையிலும் அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தவர் அல்லர். தனியொருவராக அகராதி தொகுத்த மரியா மொலினேரின் பெயரை 1972இல் முன்மொழிந்தவர்களுள் அவரும் ஒருவர். அன்று நீங்கள் வேறொருவரைத் தேர்ந்தீர்கள்.

இனி அகராதிக்கு வருகிறேன். உங்கள் முதல் வரலாற்று அகராதி 1933லும் 1936லும் இரு தொகுதிகள் வெளிவந்த நிலையில் போரோடு நின்றது. ஹூலியோ கசாரெஸ் தலைமையில் புதிதாகத் தொடங்கிய இரண்டாவது முயற்சியில் லபேசா முதலில் துணைநின்றும் பின்னர் தலைமையேற்றும் பல ஆண்டுகள் உழைத்தார். 1960 முதல் பகுதி பகுதியாக வந்த அதுவும் 1996இல் நின்றது. தென் அமெரிக்கப் பெருஞ்சிலந்தி ஒன்றைக் குறிக்கும் ‘அபசாங்கா’வோடு ‘அ’ வரிசையும், பச்சை பீன்ஸைக் குறிக்கும் ‘பஹோகா’வோடு ‘ப’ வரிசையும் அறுந்து கிடக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் ஆட்சியைத் தேடி, பொருள் கிளைத்த வழியெல்லாம் மேற்கோள் நிறுத்தும் அந்த நுட்பத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்த நுட்பத்துக்கு ஈடான ஆட்பலமும் பணமும் தொடர்ந்து கிடைக்கவில்லை என்பதே என் கணிப்பு.

இப்போதைய மூன்றாவது முயற்சி அகரவரிசையை விட்டு, சொற்குடும்பங்களாகச் செல்கிறது. இடையில் நின்றாலும் வெளிவந்தவரை பயன்படும் என்பதால் இது நல்ல ஏற்பாடு. ஆயினும், இடையில் நிற்பதற்கு அதுவே சமாதானமாகிவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். எனவே, இவ்வகராதியின் பதிப்பாளர்களுக்கு, குறுகிய கால மானியங்களை நம்பியிராத நிரந்தரப் பணியிடங்களை உறுதிசெய்ய வேண்டும் என்றும், ஆண்டுதோறும் எத்தனை சொற்கள் முடிந்தன, எத்தனை காத்திருக்கின்றன என்பதைப் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மூத்த பதிப்பாளர் ஒருவர் ஓய்வுபெறுமுன், அவர் அருகிலிருந்து தொழில் பழக ஓர் இளைஞரையேனும் அமர்த்துங்கள். பத்தொன்பது வயது லபேசாவை மெனென்தெஸ் பிடால் அப்படித்தான் அமர்த்தினார்.

மரியாதையுடன்,
ஸ்பானிய மொழி வரலாற்றின் வாசகன் ஒருவன்